பெஞ்சில் உட்காரவா அந்தப் பிள்ளை விடிகாலையில் எழுந்து வந்தாள்?

போன வாரம் நம் பழைய மாணவிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. குறுவட்டப் போட்டி, 14 வயதுக்குட்பட்ட மாணவியர் கோ-கோ, முதலிடம். நடுவில் தலைமையாசிரியர், கையில் கோப்பை, இரண்டு பக்கமும் 12 பிள்ளைகள். எல்லாரும் கைதட்டும் பொம்மை போட்டீர்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இந்த 12 பேரில் களத்தில் இறங்கினது எத்தனை பேர்?"

அவ்வளவுதான். ராத்திரி பத்தரை வரை போன் கத்திக்கொண்டே இருந்தது. "ஜெயிச்ச அன்னிக்குமா டீச்சர் இதைக் கேக்கணும்?" என்று ஒருத்தி. "டீச்சர் மாறவே இல்லை" என்று இன்னொருத்தி. பேங்கில் மேனேஜராக இருக்கிற என் செல்ல மாணவி ஒருத்தி எழுதினாள்: "போட்டின்னா திறமை இருக்கிறவதான் ஆடணும் டீச்சர். எல்லாருக்கும் சமமா பரிமாற இது என்ன சத்துணவா?"

அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். குழுவில் எழுதினால் மறுநாள் காலையில் குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கு அடியில் புதைந்துவிடும். ஆகவே இங்கே.

முதலில் என் கேள்விக்குப் பதில். நான்கு ஆட்டம் நடந்தது. நான்கிலும் அதே 9 பேர். மீதி 3 பேர் தண்ணீர் பாட்டிலும் குளுக்கோஸ் டப்பாவும் தூக்கினார்கள். அந்த மூன்று பேரில் ஒருத்தியின் அம்மா உங்களில் ஒருத்தி. பெயர் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லவில்லை. ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பிள்ளை ஒரு நாள் தவறாமல் காலை 6 மணிக்கு மைதானத்துக்குப் போயிருக்கிறாள். சுண்ணாம்புக் கோடு போட்டவளும் அவள்தான். போட்டி முடிந்து வீட்டுக்கு வந்தவளின் பனியனை அம்மா துவைக்க எடுத்தால் அதில் வேர்வை வாசமே இல்லை, மண்ணும் இல்லை. மடித்த மடிப்போடு திரும்பி வந்திருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை அலாரம் அடித்தது, பிள்ளை எழுந்திருக்கவில்லை. 12 வயது. இனி அவள் மைதானத்துக்குப் போகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். 33 வருஷம் பெண் பிள்ளைகளுக்கு உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் நான். இப்படிப் போன பிள்ளை திரும்பி வருவது அபூர்வம். பையன் என்றால் தெருவில் ஒரு மட்டையும் பந்தும் வைத்து எங்காவது ஆடிக்கொள்வான். நம் ஊரில் பெண் பிள்ளைக்குப் பள்ளி மைதானத்தை விட்டால் வேறு மைதானம் ஏது? வயதுக்கு வந்துவிட்டால் அதுவும் அடைத்துக்கொள்ளும். "போதும் கண்ணு, இனிமே என்னத்துக்கு ஓட்டம்" என்று சொல்வதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டி தயாராக இருக்கிறாள். அந்தப் பாட்டிக்கு வாத்தியாரே காரணம் எடுத்துக் கொடுத்தால் எப்படி?

கோ-கோ தெரியாத மாப்பிள்ளைகளும் வெளியூர்ச் சொந்தங்களும் இதைப் படிக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். விரட்டும் அணியில் 8 பேர் நடுக்கோட்டில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தி ஓடி விரட்டுவாள். ஓடித் தப்பிக்கும் அணி மூன்று மூன்று பேராக உள்ளே வரும். அதை பேட்ச் என்போம். முதல் பேட்ச் மூன்று பேரும் அவுட்டானால்தான் இரண்டாவது பேட்ச், அதற்கப்புறம்தான் மூன்றாவது. ஒரு டர்ன் 9 நிமிஷம், சின்னப் பிள்ளைகளுக்கு 7. முதல் பேட்ச் கெட்டிக்காரிகளாக இருந்து நேரம் முழுக்கத் தாக்குப் பிடித்துவிட்டால் மூன்றாவது பேட்ச் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தபடியே ஆட்டம் முடிந்துவிடும். அதாவது ஆடிய 9 பேரிலேயே மூன்று பேர் ஒரு தடவைகூட ஓடியிருக்க மாட்டார்கள்! அதற்குப் பின்னால்தான் அந்த 3 எக்ஸ்ட்ரா பிள்ளைகள்.

இதை மாற்ற விதி தடையா? இல்லை. ஆள் மாற்ற விதியிலேயே இடம் இருக்கிறது. அடுத்த டர்னில் பேட்ச் வரிசையை மாற்றி எழுதிக் கொடுக்கலாம். பாதி நேரத்திலேயே 6 பாயிண்ட் முன்னால் இருக்கும் ஆட்டத்தில், எதிரணிப் பிள்ளைகள் அழுகிற நிலையில் நிற்கும்போது, அந்த மூன்று பேரை இறக்கினால் வானம் இடிந்து விழாது. வாலிபாலில் இன்னும் சுலபம். 6 பேர் ஆட்டம், அணியில் 12 பேர், ஒரு செட்டுக்கு 6 மாற்றம் செய்யலாம் என்று சர்வதேச விதியே சொல்கிறது. கபடியில் 7 பேர் ஆட, 5 பேர் வெளியே. எல்லா விளையாட்டிலும் விதியை எழுதியவர்கள் வெளியே இருப்பவர்களை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். நினைக்காதது நாம்தான்.

சரி, சத்துணவுக்கு வருகிறேன்.

என் கண்ணே, மேனேஜர் அம்மா. 1982இல் சத்துணவு வந்தபோது, முதல் ரேங்க் வாங்கினவளுக்கு மட்டும் சோறு என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் காமராஜர் போட்ட மதிய உணவிலும் சொல்லவில்லை. பசித்த வயிற்றுக்கு முதலில் சோறு போடு, படிப்பு தானாக வரும் என்றுதான் கணக்குப் போட்டார்கள். தட்டோடு அந்த வரிசையில் நின்றவள் நீ. பக்கத்தில் நின்ற ஆசிரியை நான். சோறு போடும்போதே உன் மார்க் ஷீட்டைக் கேட்டிருந்தால் இன்று எந்த பேங்கில் எந்த நாற்காலி? ஆறாம் வகுப்பில் நீ கணக்கில் எத்தனை மார்க் வாங்கினாய் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் மகளும் இதைப் படிப்பாள், அதனால் விடுகிறேன்.

விளையாட்டும் அப்படித்தான். களத்தில் நிற்பதே பயிற்சி. ஆடினால்தான் ஆட்டம் வரும். ஆட்டம் வந்த பிறகு ஆடலாம் என்பது, நீச்சல் பழகின பிறகுதான் கிணற்றில் இறங்கலாம் என்று சொல்வது மாதிரி.

இதற்கு எல்லாரும் எடுத்துப்போடும் மறுப்பு ஒன்று இருக்கிறது. "அப்போ உழைக்கிறவளுக்கும் உழைக்காதவளுக்கும் ஒரே நியாயமா?" நல்ல கேள்வி. இதைத்தான் நானும் கேட்கிறேன்! பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் உழைக்காதவர்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்த அணியில் நன்றாக ஓடுகிற பிள்ளை ஒருத்தி ஆகஸ்டில் மூன்று வாரம் பயிற்சிக்கே வரவில்லை. டியூஷனாம். போட்டிக்கு முந்தின நாள் வந்தாள், மறுநாள் முதல் பேட்சில் இறங்கினாள். தினம் வந்தவள் பாட்டில் தூக்கினாள். இதில் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை எங்கே? உயரத்துக்கும் வேகத்துக்கும்தான் மரியாதை கிடைத்தது. அவை பிறப்பில் வந்தவை. பிள்ளை தன் கையால் சம்பாதித்தது காலை 6 மணி ஒன்றுதான், அதற்குக் கூலி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஓடுகிறவளுக்கும் ஒரு பாடம் போய்ச் சேர்ந்தது: நீ வந்தாலும் வராவிட்டாலும் உன் இடம் பத்திரம்.

ஆகவே நான் எல்லாருக்கும் சமமாகப் பரிமாறச் சொல்லவில்லை. பயிற்சிக்கு வந்தவள் ஆட வேண்டும். வராதவள், ஊரிலேயே வேகமாக ஓடுகிறவளாக இருந்தாலும், உட்கார வேண்டும். என் காலத்தில் வருகைப் பதிவேடு ஒன்று மைதானத்துக்கென்றே தனியாக வைத்திருந்தேன், ஊதா நிற அட்டை போட்ட நோட்டு, பலருக்கு ஞாபகம் இருக்கும். அதைப் பார்த்துத்தான் அணி. ஒரு முறை பள்ளியின் பெரிய புள்ளி ஒருவருடைய மகளை அந்த நோட்டு வெளியே உட்கார வைத்துவிட்டது. அதற்கப்புறம் நான் பட்டது வேறு கதை. இன்னொரு பதிவுக்கு வைத்துக்கொள்கிறேன்.

உயரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். 14 வயதுக்குட்பட்டோர் என்று ஒரே பெயர், ஆனால் உள்ளே நிற்பவர்கள் யார்? 14 நிறையப் போகிற பிள்ளையும் 12 இப்போதுதான் முடிந்த பிள்ளையும். அந்த வயதில் ஒரு வருஷம் என்பது உயரத்தில் பெரிய வித்தியாசம். பெண் பிள்ளைகளில் சிலர் 11 வயதிலேயே வளர்ந்துவிடுவார்கள், சிலர் 14இல்தான் கிளம்புவார்கள். கனடாவில் ஐஸ் ஹாக்கி அணிகளை 1980களில் ஆராய்ந்தார்கள். அங்கே வயதுப் பிரிவை ஜனவரி 1ஆம் தேதியை வைத்துப் பிரிப்பார்கள். அணிகளில் வருஷத்தின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் குவிந்து கிடந்தார்கள், கடைசி மாதங்களில் பிறந்தவர்களைத் தேட வேண்டியிருந்தது. ஜனவரியில் பிறந்தால் திறமை கூடுமா என்ன? சில மாதம் மூத்தவன், அதனால் கொஞ்சம் பெரியவன், அதனால் அணிக்கு எடுத்தார்கள், எடுத்ததால் அதிகம் ஆடினான், ஆடியதால் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரன் ஆனான். சின்னவன் வெளியே உட்கார்ந்தான், உட்கார்ந்தே வீட்டுக்குப் போனான். (நம் ஊரில் இந்த ஆராய்ச்சியைச் செய்ய முடியாது. என் தலைமுறையில் பாதிப் பேர் மே, ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள், ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வாத்தியாரின் கைவண்ணம்.)

வயது என்றதும் அந்த அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 16 வயதுப் பிள்ளையைப் பிறந்த தேதி மாற்றி 14க்குள் இறக்குவது. கிரிக்கெட்டில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிற அளவுக்கு இது வளர்ந்திருக்கிறது என்றால், பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் தெரியாமலா நடக்கிறது? பிள்ளை தன் பிறந்த நாளையே பொய்யாகச் சொல்லப் பழகுகிறாள். அப்புறம் அவளிடம் நேர்மையைப் பற்றி எந்த வாயால் பேசுவீர்கள்?

"ஏனுங் டீச்சர், பேசுறதெல்லாம் சரிங், சர்டிபிகேட் இல்லாட்டி ஸ்போர்ட்ஸ் கோட்டா எப்படிங் கிடைக்கும்?" என்று கேட்ட என் தம்பி மருமகனுக்கு: மாப்பிள்ளை, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது, உண்மைதான். அது தேசிய அளவிலும் சர்வதேச அளவிலும் ஆடியவர்களுக்கு. குறுவட்டத்தில் 12 வயதில் வாங்கிய காகிதத்தைக் காட்டி வேலை வாங்கினவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. அந்தக் காகிதம் பீரோவில் ரேஷன் கார்டுக்குக் கீழே கிடக்கும், அவ்வளவுதான். அந்த 3 சதவீதத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் பிள்ளை 19 வயது வரைக்கும் விளையாட்டில் இருக்க வேண்டும். 12இலேயே துரத்திவிட்டால் யார் போய்ச் சேருவது?

மாநில இறுதிப் போட்டியில், 19 வயதுக்குட்பட்டோர் பிரிவில், எல்லாரையும் இறக்கு என்று நான் சொல்லவே மாட்டேன். அங்கே சிறந்தவள்தான் ஆட வேண்டும், அதை வெளியே இருப்பவளும் மனதார ஒப்புக்கொள்வாள், ஏனென்றால் அந்த வயதில் அவளுக்குப் புரியும், அதற்கு முன் அவளும் நிறைய ஆடியிருப்பாள். என் சண்டை குறுவட்டத்தோடும், சின்ன வயதுப் பிரிவோடும்தான். ஆறாவது படிக்கும் பிள்ளைக்கு உலகக் கோப்பை நியாயம் பேசாதீர்கள். கோ-கோவிலும் இப்போது உலகக் கோப்பை வந்துவிட்டது, 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்து ஆண், பெண் இரண்டு அணியும் ஜெயித்தது, நான் டிவி முன்னால் உட்கார்ந்து கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். அந்தப் பெண்களில் ஒருத்தியாவது பெஞ்சில் உட்கார்ந்து கோ-கோ கற்றிருப்பாளா?

கலிபோர்னியாவில் இருக்கும் என் அக்கா மகனுக்கு ஒரு வார்த்தை. குழுவில் "அத்தை, காம்படிஷன் இஸ் காம்படிஷன்" என்று எழுதியவன் நீதான். உன் பையன் அங்கே சனிக்கிழமை சனிக்கிழமை கால்பந்து ஆடப் போகிற அமைப்பின் பெயர் ஏ.ஒய்.எஸ்.ஓ. உன் ஊரில்தான் 1964இல் ஆரம்பித்தது. அதன் முதல் கொள்கையே எல்லாரும் ஆட வேண்டும் என்பது. ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி ஆட்டம் களத்தில் இருந்தாக வேண்டும், சரியாக ஆடாவிட்டாலும். உன் பையன் சரியாக ஆடுகிறானா என்று நான் கேட்கப் போவதில்லை. வாராவாரம் வீடியோ அனுப்புகிறாய், நானும் பார்க்கிறேன். அந்த விதி இல்லாவிட்டால் அந்த வீடியோவும் இல்லை. அமெரிக்காவில் உன் பிள்ளைக்கு அது உரிமை, இங்கே உன் சித்தப்பா பேத்திக்கு அது சலுகையா?

நார்வே என்று ஒரு நாடு, சுமார் 55 லட்சம் ஜனம், சென்னை நகரத்தைவிடக் குறைவு. அங்கே குழந்தைகள் விளையாட்டுக்கென்று 1987இலேயே தனி விதி போட்டார்கள். 11 வயது வரை மதிப்பெண் பட்டியலும் தரவரிசையும் வெளியிடக் கூடாது. 13 வயதுக்கு முன்னால் தேசியச் சாம்பியன்ஷிப் கூடாது. இப்படி "செல்லம் கொடுத்த" நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வாங்கி உலகத்திலேயே முதலிடம். பனியும் பணமும் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பனி மற்ற பல நாட்டிலும் பெய்கிறது.

அவ்வளவு தூரம் எதற்கு? சேலம் பக்கம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிப்போன ஒரு பையனை, அவன் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்டச் சொன்னார். கணக்குப் பார்க்கிற வாத்தியாராக இருந்தால் அந்தப் பையனைத்தான் முதலில் ஓரமாக உட்கார வைத்திருப்பார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார் மாரியப்பன் தங்கவேலு. அந்த ஆசிரியரை நான் பார்த்ததில்லை. பார்த்தால் கும்பிடுவேன்.

இனி நீங்கள் எல்லாரும் காலையில் அனுப்புகிற அந்தக் கதை. 2012இல் ஸ்பெயினில் ஓட்டப் பந்தயம். முன்னால் ஓடிய கென்யாக்காரர் ஆபெல் முத்தாய், கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்து முன்னாலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த ஸ்பெயின்காரர் அவரைத் தாண்டிப் போகாமல், கைகாட்டி முன்னால் அனுப்பி, தான் இரண்டாவதாக வந்தார். இந்த வருஷம் மட்டும் எனக்கு இது ஒன்பது பேரிடமிருந்து வந்தது, பூப்போட்டு, பின்னணி இசையோடு. அனுப்பிய ஒன்பது பேரில் மூன்று பேர் அன்று அந்த மைதானத்தில் நின்று, டச் ஆனதை அம்பயர் கவனிக்கவில்லை என்றால் கண்டுக்காம ஓடு என்று பிள்ளைகளுக்குக் கத்தியவர்கள். இன்னொருவர் அம்பயரின் சட்டையைப் பிடிக்கப் போனவர்.

1980இல் பம்பாயில் இங்கிலாந்தோடு டெஸ்ட். நம் கேப்டன் குண்டப்பா விஸ்வநாத். இங்கிலாந்து 5 விக்கெட் இழந்து தவித்துக்கொண்டிருந்த நேரம். பாப் டெய்லர் அவுட் என்று அம்பயர் விரலைத் தூக்கியாயிற்று. பந்து மட்டையில் படவில்லை என்று விஸ்வநாத்துக்குத் தெரியும், திரும்பிக் கூப்பிட்டு ஆடச் சொன்னார். டெய்லர் நின்று ஆட, போத்தம் சதம் அடிக்க, இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஆட்டத்தில் ஜெயித்தவர்களை யார் பேசுகிறார்கள்?

ஆனால் இதையும் பெஞ்சையும் நான் ஏன் ஒன்றாகப் பேசுகிறேன் என்றால், இரண்டும் ஒரே நோய். ஜெயிப்பது ஒன்றுதான் கணக்கு என்று முடிவு பண்ணின மைதானத்தில் வேகம் குறைந்தவள் முதலில் ஓரங்கட்டப்படுவாள், அடுத்தது உண்மை. தொட்டதைத் தொட்டேன் என்று கைதூக்குகிற பிள்ளைக்கு "லூசு" என்று பெயர் வைப்பார்கள். எங்கள் பள்ளியில் ஒருத்தி மாவட்ட அரையிறுதியில் கோட்டைத் தாண்டி மிதித்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. தானே கைதூக்கிக்கொண்டு வெளியே வந்தாள், ஒரு பாயிண்டில் தோற்றோம். அன்று வேனில் ஒரு பிள்ளைகூட அவளைத் திட்டவில்லை. தக்காளி சாதத்தில் அவளுக்குத்தான் முதல் பொட்டலம். அந்த வேனில் இருந்த 12 பேரும் அன்று ஆடியவர்கள். அதனால் தோல்வி 12 பேருக்கும் சொந்தம். பெஞ்சில் மூன்று பேரை வைத்துக்கொண்டு ஒரு அணியிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

இப்போது பணியில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுத்துவிட்டு, பந்து வாங்கப் பணம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோப்பை வரவில்லை என்றால் மட்டும் "என்ன சார் பண்றீங்க" என்று கேட்கிற நிர்வாகங்களுக்குக் கீழே அவர்கள் வேலை பார்க்கிறார்கள். தனியார் பள்ளிகள் சில, பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் நன்றாக ஆடுகிற பிள்ளைகளை ஃபீஸ் இல்லை என்று சொல்லி அள்ளிக்கொண்டு போய் வாசலில் பேனர் கட்டுகின்றன. அந்தப் பள்ளியிலேயே ஃபீஸ் கட்டிப் படிக்கிற பிள்ளைகள் மைதானத்தை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். அங்கே பெற்றோர் சங்கத்தில் இருப்பதும் நீங்கள்தான், என் மாணவிகள்தான். பஸ் கட்டணத்துக்குச் சண்டை போடத் தெரிந்த உங்களுக்கு இதற்குச் சண்டை போடத் தெரியாதா?

நான் கேட்பது இதுதான். குறுவட்டத்தில் 14 வயதுப் பிரிவில், அணிப் பட்டியலில் பெயர் எழுதிய ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு டர்னாவது, ஒரு செட்டாவது ஆட வேண்டும். ஆடினாளா என்று ஸ்கோர் ஷீட்டிலேயே தெரியும், தனிப் படிவம் எதுவும் வேண்டாம். ஒரு பள்ளி மட்டும் செய்தால் தோற்கும் என்று பயப்படுவார்கள், அதனால் எல்லாப் பள்ளிக்கும் சேர்த்துப் போட்டி நடத்துகிறவர்களே விதியாகப் போட வேண்டும். அடுத்த வருஷத்துப் போட்டிகளுக்கான கூட்டம் நடப்பதற்கு முன்னால் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றரைப் பக்கம். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். மேனேஜர் அம்மா, உன்னையும்தான் சொல்கிறேன், நீ எழுதினதற்குக் கோபம் இல்லை. மகளையும் கூட்டிக்கொண்டு வா.

மறுத்து எழுதுகிறவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் மட்டும் பண்ணாதீர்கள். சார் தூங்கிவிடுவார்.